ஆறு அடுக்கு முகமூடி

முதலில் உங்கள் முகமூடியைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிடுங்கள் மேடம், மூக்கு வெளியே தெரிகிறது. தப்பாக நினைக்காதீர்கள். சில மாதங்களாக யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. எங்கள் குடியிருப்பில் அது என் பொறுப்பாக இருந்தது.

குடியிருப்பு என்றால் மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. என் வீடு தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு நேர் எதிரே. யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், கையில் என்ன பை, முகத்தில் என்ன களை, எல்லாம் ஜன்னலில் இருந்தபடியே தெரிந்துவிடும். நானாகத் தேடிப் போனதில்லை. வந்ததைக் காதில் வாங்கிக்கொண்டேன், கேட்டவர்களிடம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சில சமயம் சொல்லியிருப்பேன். "உனக்கு ஒண்ணு தெரிஞ்சா, அந்தச் சேதி மூணாவது மாடிக்குப் போக லிஃப்ட் வேணாம்டி" என்பார் என் வீட்டுக்காரர். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

நோய் வந்து ஊரே முகத்தை மூடிக்கொண்டபோது எனக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. பாதி முகத்தை வைத்துக்கொண்டு என்னத்தைத் தெரிந்துகொள்வது? ஆனால் பதினைந்தே நாளில் பழகிவிட்டது. கண் போதும். வங்கிக்காரர் தன் மனைவியோடு பேச்சை நிறுத்தியதை அவர் இமையைப் பார்த்தே சொன்னேன். கணக்கு வாத்தியார் மகள் கல்யாணத்துக்குச் சம்மதித்ததை அவள் அப்பாவுக்கு முன்னால் தெரிந்துகொண்டவள் நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் என்றுதான் சொல்லி வைக்கிறேன்.

முதல் மாடியில் யோகா டீச்சர் குடியிருக்கிறாள். சின்னப் பெண், பொறுப்பானவள். நோய் கொஞ்சம் தணிந்ததும் கீழே பொது அறையில் காலை வகுப்பை மறுபடி தொடங்கினாள். பதினோரு பேர் சேர்ந்தார்கள். எனக்கு முழங்கால் மடங்காது. அதனால் கதவுப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, எல்லோரும் முகமூடியை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தாள். வருகிறவர்கள் பைகளை என் காலடியில் வைப்பார்கள். மாற்று முகமூடிகள் ஒரு துணிப்பையில் என் மடியில் இருக்கும். பயிற்சியின் முடிவில் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்து நீளமாக மூச்சு விடுவார்கள். டீச்சரும் கண்ணை மூடிக்கொண்டுதான் எண்ணுவாள். அப்போது அந்த அறையில் கண் திறந்திருப்பவள் நான் ஒருத்திதான். யாராவது கையைத் தூக்கினால் டீச்சரைக் கூப்பிட வேண்டும்.

வகுப்பு தொடங்குவதற்கு முன்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி டீச்சர் ஒரு தாள் கொடுத்தாள். மேல் பாதியில், அறைக்குள் எல்லோரும் முகமூடி போட வேண்டும், மூக்கும் வாயும் மூடியிருக்க வேண்டும் என்று இருந்தது. கீழ்ப் பாதியில் வேறு சில விஷயங்கள். வியர்வையில் நனைந்தால் உடனே உலர்ந்ததை மாற்றிக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலோ நெஞ்சு அடைத்தாலோ நிறுத்திவிட்டு, வெளியே தள்ளிப் போய் முகமூடியைக் கழற்றுங்கள், வெட்கப்பட வேண்டாம். மூச்சுத் தொந்தரவோ இதயத் தொந்தரவோ உள்ளவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், மொட்டை மாடியில் முகமூடி இல்லாமல் மெதுவாகச் செய்யலாம்.

பலகையில் தண்ணீர் வரும் நேரம் ஒட்டியிருந்தது. இடம் போதவில்லை. கீழ்ப் பாதியைக் கத்தரித்துவிட்டேன்.

சரி, தண்ணீர்த் தாளைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கலாம். ஆனால் கழற்றலாம் என்று எழுதி ஒட்டிவிட்டால் அப்புறம் யார் என் பேச்சைக் கேட்பார்கள்? ஆளுக்கொரு நெஞ்சடைப்பு வந்துவிடும். அந்தத் துண்டுத் தாளைத் தூக்கிப் போடவில்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம்.

இனி தையல்காரியைப் பற்றி. இரண்டாம் மாடி, என் வீட்டுக்கு நேர் மேலே. கணவன் இல்லை, வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகள். நாள் முழுக்க அவள் மிஷின் ஓடும் சத்தம் குழாய் வழியாக என் சமையலறைக்கு இறங்கி வரும். நல்லவள், வாய்தான் கொஞ்சம் துடுக்கு. எனக்குப் பத்து வயது இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து இன்ஹேலரை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானைக்குள் மறைத்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து இழுப்பு. இந்த நேரத்துல இருமினாலே அந்த வியாதின்னு நினைக்கிறாங்க. ஒருத்தரும் துணி குடுக்க மாட்டாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

வகுப்புக்கு முகமூடி தைத்ததும் அவள்தான். மூன்று அடுக்குப் பருத்தித் துணி, ஆளுக்கு இரண்டு. முதல் நாள் எல்லோரையும் நிற்க வைத்துக் கொடுத்தாள். என் முறை வந்தபோது மட்டும் தனியாக ஒன்றை எடுத்தாள். மெத்தை மாதிரி தடியாக இருந்தது.

"உங்க வாய்க்கு மூணு அடுக்கு பத்தாதுக்கா. அதான் ஆறா தச்சிட்டேன்."

பதினோரு பேரும் சிரித்தார்கள். கணக்கு வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபம் என்று ஆகிவிடுமே. அன்று மாலையே பெயர் ஒட்டிக்கொண்டது. 'ஆறடுக்கு ஜன்னல்ல இருக்காங்க, மெதுவா பேசு' என்று படியில் ஒருத்தி சொல்வது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு என் ஜன்னலைத் தாண்டும்போது எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் என்னிடம் எதையும் சொல்வதில்லை. வீட்டுக்காரர்கூட ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், வேடிக்கைக்கு. தையல்காரி மட்டும் வழக்கம்போல அக்கா, அக்கா என்றுதான் வந்து போனாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

நாலாவது வாரம், மழை நாள். ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். தொடங்குவதற்கு முன் டீச்சர் என்னிடம் வந்தாள்.

"அத்தை, இன்னிக்கு கொஞ்சம் கடினமான பயிற்சி. யாருக்காச்சும் மூச்சுத் தொந்தரவு இருக்கா? ஒருத்தரும் வந்து சொல்லல. உங்களுக்குத் தெரியாம இங்க எதுவும் இருக்காதே."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தேனே.

"ஒருத்தருக்கும் இல்லம்மா. எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க" என்றேன்.

குனிந்து நிமிர்ந்து பன்னிரண்டு சுற்று முடிந்தபோது தையல்காரிக்கு வேர்த்துக் கொட்டியது. முகமூடி நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டு, மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ளே போய் வந்தது. என்னிடம் வந்து மாற்று முகமூடி கேட்டாள். என் மடியில் உலர்ந்தவை ஐந்தாறு இருந்தன. அவளுடைய மாற்று முகமூடியும் மேலேயே இருந்தது. நான் பையின் அடியில் கைவிட்டு, நான் ஒரு நாளும் போடாத அந்த ஆறு அடுக்கை எடுத்துக் கொடுத்தேன்.

அவளுக்கு அடையாளம் தெரிந்தது. தன் கைத் தையல் தெரியாதா? வங்கிக்காரர் மனைவி பார்த்துவிட்டுச் சிரித்தாள், இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். தையல்காரி என்னைப் பார்த்தாள். கண்ணில் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வேறொன்று வந்தது. அன்று சொன்னது என்னைச் சுட்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்கிற கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் மேடம். அதை வாங்கிப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அங்கேயே நான் வேறொன்றை நீட்டியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். டீச்சர் எண்ணத் தொடங்கினாள். ஐம்பது வரை எண்ணுவாள், நிதானமாக.

அதற்குப் பிறகு நடந்ததை விசாரணையில் நீங்கள் பத்துப் பேரிடம் கேட்டிருப்பீர்கள். கண்ணைத் திறந்தோம், சாய்ந்து கிடந்தாள் என்பார்கள். உண்மைதான். ஆம்புலன்ஸ் வரும் முன்பே முடிந்துவிட்டது. டீச்சர் அளவுக்கு மீறி வேலை வாங்கிவிட்டாள் என்ற பேச்சு எங்கே தொடங்கியது என்று தேடிக்கொண்டிருக்கிறீர்களாமே. என் ஜன்னலில்தான். அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். பத்து நாளாக அவள் வீட்டில் விளக்குகூட எரியவில்லை.

மேலே மிஷின் சத்தமும் இல்லை. குழாயைத் திறந்தால் வெறும் தண்ணீர்ச் சத்தம்தான் வருகிறது. சமையலறையில் என்னால் நிற்க முடியவில்லை. அந்த முகமூடியை அவள் முகத்திலிருந்து கழற்றியது நான்தான். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. இதோ, இந்தப் பையில் இருக்கிறது. மூன்று முறை துவைத்தேன். காய்ந்துவிட்டது என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு இன்னும் ஈரமாகத்தான் தெரிகிறது.

நேற்று அவள் மகள் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"பெரியம்மா, நீங்க ஒருத்தர்தான் கண்ணைத் திறந்துட்டு இருந்தீங்களாம். அம்மா கடைசியா ஏதாவது காட்டுனாங்களா?"

"முகமூடி போட்டிருந்தாளேம்மா, பாதி முகத்துல என்ன தெரியும்" என்றேன்.

அன்று டீச்சர் பதினெட்டு எண்ணும்போது தையல்காரி கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் காலடியில் இருந்த தன் பையைப் பார்த்தாள், இன்ஹேலர் அதில்தான் இருக்கும். மறுபடி என்னைப் பார்த்தாள். கை மடியிலிருந்து ஒரு சாண் எழுந்தது. பையை அவளிடம் தள்ளிவிட ஒரு கால் போதும். நான் காலை அசைக்கவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று டீச்சரோடு சேர்ந்து மனதுக்குள் எண்ணினேன். முப்பத்தேழில் கை இறங்கியது. ஐம்பது வரை வகுப்பு அமைதியாக நடந்தது.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதுங்கள். அவளுக்கு இழுப்பு இருந்த விஷயத்தை இந்த நிமிஷம் வரை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. அவள் என்னைப் பற்றிச் சொன்னது தப்பு மேடம். என் வாய்க்கு ஒரு அடுக்கே போதுமாக இருந்தது.