கடற்பசுவுக்காக எழுதிய மனுக்கள்

சல்லிக் கிராமத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். என் கையெழுத்து அப்படி. காணாமல் போனவர்களின் விபரம் பதிய வந்திருக்கிற நீங்கள், தம்பிராசாவின் மனைவி புஷ்பவதி கொடுத்த மனுவையும் என் எழுத்தில்தான் வாசித்திருப்பீர்கள். தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறப்போகிறது.

எங்கள் கரைக்கு நேரே, கடலடியில் புல் வளர்ந்த இடமொன்று உண்டு. தொண்ணூற்றாறில் ஒரு கடற்பசு குட்டியோடு அங்கே மேய வந்தது. அந்த இனமே அழிந்துகொண்டிருக்கிறது என்று படித்திருந்தேன். மூச்சு விட மேலே வரும்போது குட்டி தாயோடு ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளை இல்லாத எனக்கு அதைப் பார்த்தால் நெஞ்சு நிறைந்துவிடும்.

அந்தப் புல்லின் மேல்தான் தம்பிராசா வெடி போட்டு மீன் பிடித்தான். சட்டவிரோதம்தான். கொழும்புக்கு நான்கு மனு அனுப்பினேன். பதில் இல்லை. இந்த யுத்தத்துக்குள் கடற்பசுவை யார் பார்ப்பார்கள். கடைசியில் அவனிடமே போய்க் கேட்டேன்.

“அண்ணை, ஆழக்கடலுக்குப் போக விடுறாங்களில்லை. கரையில வெடி போடாமல் என்ர பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? உங்கட பசுவைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது,” என்றான்.

நியாயமான கதைதான். எனக்குக் கோபம் வரவில்லை.

மறு பங்குனியில் குட்டி செத்துக் கரையொதுங்கியது. தாய் இரண்டு நாள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. நான் வாய்விட்டு அழுதேன். மூன்றாம் நாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு இராணுவத்தின் சென்றிக்குப் போய், தம்பிராசா வீட்டில் வெடிமருந்து இருக்கிறது என்று சொன்னேன். பொய் இல்லை, குசினிக்குப் பின்னால் இருந்தது. மத்தியானமே அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

புஷ்பவதி மாதந்தோறும் வருவாள். “அண்ணை, மீனுக்கு வச்சிருந்த வெடியெண்டு வடிவா எழுதுங்கோ. அது தெரிஞ்சால் விட்டிடுவாங்கள்,” என்பாள். அப்படியே எழுதுவேன். அவள் பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சிலும் நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன்.

இப்போது வெடிச்சத்தம் இல்லை. புல் நன்றாக வளர்ந்திருக்கிறது. தாய்தான் திரும்பவில்லை. அமைதி தெரிந்தால் வரும்.

சென்றியில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டார்கள். தமிழ் தெரிந்த ஒருவன், “மீனுக்கா?” என்றே கேட்டான். ஓமென்றால் இரண்டு அடி போட்டு விட்டுவிடுவார்கள். அடுத்த கிழமை அவன் மறுபடியும் கடலில் நிற்பான். “எனக்குத் தெரியாது” என்றேன்.

இதை உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புஷ்பவதிக்கு மட்டும் சொல்ல வேண்டாம். பாவம், அவளுக்கு மனு எழுதிக் கொடுக்க என்னை விட்டால் வேறு ஆளில்லை.