மருத்துவச்சியின் வலது கை

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரம். நகரத்திலிருந்து நம் ஊருக்கு வருகிற மேட்டுப் பாதை... தூக்குமரம் நிற்கிறதே, அதே பாதைதான். மழை விட்டிருந்தது. ஈரக் கம்பளி நாற்றம். இரண்டு பெண்கள் வேகமாக நடந்து வந்தார்கள். ஒருத்தி நம் ஆலிஸின் சித்தி தாமசின். மற்றவள் மருத்துவச்சி உர்ஸ்லி.

ஜோன், நான் கதை சொல்லி முடிக்கிறவரை அந்த ராட்டையைக் கொஞ்சம் நிறுத்து. கம்பளி எங்கேயும் ஓடிவிடாது. பயமாக இருந்தால் இப்போதே எழுந்து போ, நடுவில் கத்தித் தொலைக்காதே.

அன்று காலையில்தான் நகரத்து நீதிமன்றத்தில் ஆனிஸ் என்கிற வேலைக்காரப் பெண்ணுக்குத் தூக்கு என்று தீர்ப்பாகியிருந்தது. எஜமான் வீட்டு வெள்ளிக் கிண்ணத்தைத் திருடிவிட்டாள். "ஐயா, நான் முழுகாம இருக்கேன்!" என்று கதறினாள். அப்படிச் சொன்னால் என்ன நடக்கும், உங்களுக்கே தெரியும். கூட்டத்தில் நின்ற பெண்கள் பன்னிரண்டு பேரைப் பிடித்து, அவளோடு ஓர் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார்கள். வயிற்றில் பிள்ளை துடிக்கிறது என்று இவர்கள் சொல்லிவிட்டால் பிரசவம் வரை தூக்கு இல்லை. அப்புறம் பெரும்பாலும் ராஜாவின் மன்னிப்பும் வந்துவிடும். இல்லாத பிள்ளையைக்கூட இருக்கிறதென்று சொல்லிக் காப்பாற்றுகிறவர்கள்தானே நாம்!

அந்தப் பன்னிரண்டு பேரில் உர்ஸ்லியும் தாமசினும் உண்டு. எல்லாரும் உர்ஸ்லியின் வாயையே பார்த்தார்கள். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அவள் வலது கையை வயிற்றில் வைத்தாள். பக்கத்தில் குனிந்திருந்தது தாமசின்.

ஆனிஸ் முணுமுணுத்தாள். "உங்க வீட்டுப் பிள்ளை, அத்தை... கைல்ஸோடது. உங்க கைன்னு தெரியுது போல. எப்படி உதைக்குது பாருங்க."

கைல்ஸ் உர்ஸ்லியின் ஒரே மகன். மாவு மில்காரர் மகளோடு அவனுக்குக் கல்யாணம் பேசி, கோயிலில் இரண்டு தடவை கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று.

உர்ஸ்லி கையை எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. அசையல."

அந்த விரல்களுக்கு அடியில் சட்டை எழும்பி அடங்கியதைத் தாமசின் பார்த்தாள். பாவி, அவளும் வாயைத் திறக்கவில்லை.

சரி, பாதைக்கு வருவோம். தூக்குமரத்தருகே உர்ஸ்லியின் செருப்பில் கல் ஏறியது. மரத்தில் கை ஊன்றிக் குனிந்தாள். சட்டென்று கையை உதறினாள்.

"மரம் உதைக்குதுடி..."

தாமசினும் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே... துக். கொஞ்சம் பொறுத்து... துக்.

"அக்கா, திரும்பிப் போயிடலாம். நீதிபதி இன்னும் நகரத்துலதான் இருக்காரு. தப்பாப் பாத்துட்டோம்னு சொல்லிடலாம்க்கா!"

"என் பையன் வாழ்க்கைல மண்ணள்ளிப் போடப் பாக்குறியா? வாயை மூடிட்டு நட."

நடந்தார்கள். அந்த வாரமே ஆனிஸைத் தொங்கவிட்டார்கள்.

அதற்குப் பிறகு உர்ஸ்லி எதைத் தொட்டாலும் அது உதைத்தது. கதவு. தலையணை. பிசைகிற மாவு. கையில் துணி சுற்றிக்கொண்டு திரிந்தாள். ஆனால் நிஜமான பிள்ளைத்தாச்சி வயிற்றில் கை வைத்தால்... ஒன்றுமே தெரியவில்லையாம். பிரசவத்துக்கு அவளைக் கூப்பிடுவதே நின்றுபோனது. அடுத்த குளிர்காலம் தாண்டவில்லை, போய்ச் சேர்ந்தாள்.

குளிப்பாட்டிக் கிடத்தியது தாமசின்தான். வலது கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்து, துணியைப் போர்த்தினாள். ரோஸ்மேரித் தழை வாசனை. மெழுகுவத்தி திரி பொரிகிற சத்தம்...

செத்தவளின் கை, துணிக்கு அடியில், மெல்ல எழும்பி இறங்கியது.

தாமசின் துணியை விலக்கி, அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, தன் வலது கையை அங்கே வைத்தாள். அறுபது வயது தாண்டிய வயிறு. கல்லாகச் சில்லிட்டிருந்தது. உள்ளேயிருந்து... துக்.

வாசலில் நின்ற பெண்கள் கேட்டார்கள். "ஏன்டி இப்படி முழிக்கிற? ஏதாச்சும் அசையுதா?"

தாமசின் கையை எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. அசையல."

துணியை இழுத்துத் தைத்துவிட்டாள். விடிந்ததும் புதைத்துவிட்டார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். நாளைக்கு ஆலிஸின் சித்தி வீட்டுக்கு ரொட்டி வாங்கப் போகும்போது பாருங்கள். அவள் இப்போது மாவு பிசைவதெல்லாம் இடது கையால்தான்.