காணிக்கைக் கன்றுகள்

பழம் எடுத்துக்கொள்ளுங்கள், போதகர் ஐயா. ரசகதலி தோலில் புள்ளி விழுந்தால்தான் ருசி. வடசேரிச் சந்தையில் வாங்கியது. நம் ஊரில் இனி அது விளையாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், எந்தப் பாவத்தால் எங்கள் வாழைகள் பட்டுப்போயின என்று ஆண்டவரிடம் கேட்டீர்கள். அவரை ஏன் சிரமப்படுத்த வேண்டும்? என்னிடமே கேட்டிருக்கலாம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள். வாடல் நோய் ஒரு பூஞ்சையால் வருகிறது. மண்ணில் பொறுமையாகக் கிடக்கும். வாழையின் சிறு வேர் எட்டியதும் உள்ளே நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய் வழியாகவே மேலே ஏறும். பாளையங்கோட்டான் வாழை விவரமானது. ஆள் புகுந்தது தெரிந்ததும் அந்தக் குழாயைப் பிசினால் அடைத்து, அந்த வேரைச் சாகவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ரசகதலியும் அடைக்கும், ஆனால் தாமதமாக. கள்ளன் அடுக்களைக்கு வந்த பிறகு வாசலைச் சாத்துவதுபோல. அப்புறம் தன் அடைப்பாலேயே தண்ணீர் கிடைக்காமல், இலை பழுத்து ஒடிந்து தொங்கும்.

உங்களுக்கு முன்பிருந்த போதகர் காலத்தில் என் கணவர் தேவகுமார் இறந்தார். எங்கள் மகன் சிஜின், அய்யாவழிக் குடும்பத்துப் பெண் பிந்துவை அவர்கள் முறைப்படி மணந்திருந்தான். அதைக் காரணம் காட்டிச் சபைச் செயலாளர் ஜெயசிங் துக்கமணி அடிக்க விடவில்லை.

“சத்தியபாய் டீச்சரே, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நாளைக்கு எவனும் என்னப் பாத்து கேக்கப்பிடாது பாருங்க,” என்றார்.

மணிச்சத்தம் இல்லாமல், ஒரு நாயைக் கொண்டுபோவதுபோல அவரைக் கொண்டுபோனோம். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. என் பழைய மாணவி ஷைஜா மட்டும் கஞ்சி கொண்டுவந்து, என் பக்கத்திலேயே இருந்தாள். கணவன் விட்டுப்போனவள். ஜெயசிங் தோட்டத்துக்குக் கீழே பாட்டத்துக்கு, அதுதான் குத்தகைக்கு, நிலம் எடுத்து, ரசகதலி வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். காணிக்கையாக வைக்கும் காயும் கோழியும் அங்கே சந்தை விலைக்குப் போவதில்லை. மானத்தின் விலைக்குப் போகும். கடைசிக் கேள்வியை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்தால் ஜெயசிங்குக்கு அன்று சோறு இறங்காது. நான் திற்பரப்புப் பக்கம் வாடிப்போன ஒரு தோட்டத்திலிருந்து ரசகதலிக் கன்றுகள் கொண்டுவந்தேன். வெளியே கொழுகொழுவென்று இருந்தன. கிழங்கை வெட்டினால்தான் உள்ளே செம்பழுப்பு வரிகள் தெரியும். கழுவி, வாழைநாரால் கட்டி, பலிபீடத்தின் முன் வைத்து ஜெபமும் செய்தேன்.

ஏலத்தில் கன்றுகளை யாரும் சட்டைசெய்யவில்லை. நானே ஒரு தொகை கேட்டேன். ஜெயசிங் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏற்றிக் கேட்டார். நான் மறுபடியும் கேட்டேன்.

“டீச்சருக்கு நம்மகிட்ட மல்லுக்கட்டணுமாக்கும்,” என்று சிரித்துக்கொண்டே இன்னும் ஏற்றினார். கன்றுகளைக் கொண்டுபோய்த் தோட்டத்தின் தலைமாட்டில் நட்டார்.

குலை தள்ளும் முன்பே இலைகள் பழுத்தன. பாய்ச்சிய தண்ணீரோடு நோய் தோட்டம் முழுக்க இறங்கியது. அவர் என்னிடமே வந்தார்.

“டீச்சரே, மருந்து வல்லதும் உண்டுமா?”

நாற்காலி போட்டு உட்காரவைத்து, இல்லை என்றேன். உங்கள் பேரன் தலையெடுத்த பிறகும் அந்த மண்ணில் அது கிடக்கும் என்றேன். அவர் அழுதார். எனக்கு நிறைவாக இருந்தது.

தண்ணீர் அவர் வரப்போடு நின்றுவிடுமா என்று கேட்கிறீர்கள். நிற்காது. அங்கே வடிவது ஷைஜாவின் நிலத்துக்குத்தான் போகும். அது எனக்கு முதலிலேயே தெரியும். கன்றுகளைக் கட்டும்போது அவளை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வேரைச் சாகவிட்டுத்தானே வாழை பிழைக்கிறது.

அவள் வாழை மொத்தமும் போயிற்று. பாட்டத்தை விட்டுவிட்டு இப்போது அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் வெந்து கறுத்திருக்கின்றன. பிள்ளையின் படிப்பு நின்றுவிட்டது. வேலை முடிந்து நேரே இங்கேதான் வருவாள். “நீங்க இல்லேண்ணா நான் செத்துப் போயிருப்பேன் டீச்சரே,” என்பாள். நான் அவள் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன்.

அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள், போதகர் ஐயா. பாவம், இந்த ஊரில் அவள்மேல் உண்மையான அன்புள்ளவள் நான் ஒருத்திதான்.