குழாயில் இறங்கும் பதம்

மிக்ஸியில் அரைத்ததோடு நிறுத்தக் கூடாது, மெல்லிய துணியில் ஒரு தடவை வடிகட்ட வேண்டும். எல்லாரும் தப்புச் செய்வது இந்த இடத்தில்தான். அரைத்தது கண்ணுக்கு மழமழவென்றுதான் தெரியும். ஆனால் கேழ்வரகின் உமி கொஞ்சம் தங்கினால் போதும், மூக்குக் குழாய் அடைத்துக்கொள்ளும். வெந்நீர் செலுத்தியும் திறக்காவிட்டால் குழாயையே உருவிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். போடும்போது நோயாளிக்குக் கண்ணில் தண்ணீர் வரும். என் மனைவிக்கு அப்படி ஆனது ஆரம்பத்தில் சில தடவைகள்தான். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என்மேல் வந்திருக்கும் புகாரில் 'கவனிப்பின்மை' என்று ஒரு வார்த்தை இருப்பதாகச் சொன்னீர்கள். மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்த வார்த்தையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள், இன்ஸ்பெக்டர் சாகேப். நல்லதாயிற்று. புனேயில் எத்தனையோ வருஷமாக இருக்கிறேன். மராத்தியில் எனக்குச் சண்டை போட வரும், நியாயம் சொல்ல வராது.

என் பெயர் பத்மநாபன். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தர ஆய்வு செய்து ஓய்வு பெற்றவன். வீடு சாங்வியில். மனைவி தர்மாம்பாள். ஒரே பெண் வைஷு. மாப்பிள்ளை ரவிசந்திரன் விமானப்படையில் இருப்பதால் அவள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள்.

தர்மாவின் சமையலுக்கு சாங்வித் தமிழர்கள் மத்தியில் நல்ல பெயர். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் சாம்பாருக்குப் பெருங்காயம் போதுமா என்று அவளிடம்தான் கரண்டியை நீட்டுவார்கள். அந்தச் சமையலறையில் எனக்கு இடம் கிடையாது. எப்போதாவது நான் காபி கலந்து கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைப்பாள். "நன்னாயில்லை" என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள், சிரித்துக்கொண்டும் சொல்ல மாட்டாள். நான் வாங்கிவந்த புடவையும் நன்னாயில்லை, நான் பார்த்து வாங்கிய ஃப்ளாட்டும் நன்னாயில்லை. தொழிற்சாலையில் நான் ஒதுக்கிய சாமானை யாரும் மறுபடி உள்ளே கொண்டுவர முடியாது. வீட்டில் தினமும் ஒதுக்கப்பட்டவன் நான். எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது, முப்பது வருஷம் போல.

தொண்ணூற்றொன்பதில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போயிற்று, விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பினார்கள். கடையில் விற்கும் டின் பவுடர்தான் வேண்டுமென்பதில்லை, வீட்டுச் சாமானிலேயே செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாள் ஒரு குறிப்புக் கொடுத்தாள். முளைகட்டிய கேழ்வரகு மாவு, பாசிப்பருப்பு, பால், வாழைப்பழம், வேகவைத்த கேரட், சர்க்கரை, ஒரு ஸ்பூன் எண்ணெய். அன்றைக்குத்தான் நான் முதல்தடவையாக என் வீட்டு அடுப்பில் சமைத்தேன்.

லேசில் வந்துவிடவில்லை. கஞ்சி ஆற ஆற இறுகும். நீர்க்கச் செய்தால் சத்து போதாது, கெட்டியாகச் செய்தால் குழாயில் இறங்காது. பாதி அரைத்துக்கொண்டிருக்கும்போது லோட் ஷெட்டிங் வந்து மிக்ஸி நின்றுவிடும். எத்தனையோ தடவை மொத்தத்தையும் கொட்டிவிட்டுத் திரும்பச் செய்திருக்கிறேன். கடைசியில் பதம் கைக்கு வந்தது. தர்மாவுக்கு உடம்பு தேறியது. ஒரு படுக்கைப் புண் கிடையாது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், நடமாடுகிறவர்களுக்கே இவ்வளவு நன்றாக இருக்காது என்றார். அதன்பிறகு மற்ற நோயாளிகளின் வீட்டாருக்குச் செய்துகாட்ட ஆஸ்பத்திரியிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்கள். ஏரவாடாவிலிருந்து கலியன் என்று ஒருவர், குழாய் போட்ட மனைவிக்கு வெறும் பாலைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சில மாதம் கழித்துப் பேடாவோடு வந்து, "சார், உங்க புண்ணியத்துல குழாய எடுத்துட்டாங்க, இப்ப அவளே சோறு சாப்புடுறா" என்றார். என் சாப்பாட்டிலிருந்து தப்பித்துவிட்ட மாதிரிப் பேசுகிறாரே என்று தோன்றியது. பேடாவை வாங்கிக்கொண்டேன்.

ஆறு மாதம் போல ஆனபோது, விழுங்கப் பயிற்சி தரும் ஒரு மராத்திப் பெண் வீட்டுக்கு வந்தாள். தர்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரலை வைத்து, "கிளா, ஆஜி, கிளா" என்றாள், விழுங்குங்கள் பாட்டி என்று. தர்மா விழுங்கினாள். பிறகு தயிர் கொடுத்தாள், அதுவும் இறங்கியது. இருமல் இல்லை. இனி கொஞ்சம் கொஞ்சமாக வாயால் கொடுங்கள், சீக்கிரமே குழாயை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் கஞ்சியைப் புதிதாகச் செய்தேன். ஸ்பூனில் பதமான சூட்டில் எடுத்து நானே ஊட்டினேன். விழுங்கினாள். எனக்குக் கண் கலங்கியது, அதைச் சொல்ல வெட்கமில்லை. இன்னொரு ஸ்பூன் எடுத்தேன். அவள் இடது கையால் ஸ்பூனைத் தள்ளினாள். வாயைக் கோணிக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தாள். பக்கவாதம் வந்த பிறகு ஒரு வார்த்தை பேசாதவள். நான் குனிந்து காதை வைத்தேன்.

"நன்னா... யில்லை" என்றாள்.

ஸ்பூனைக் கழுவி வைத்தேன். மீதியைக் குழாய் வழியாகக் கொடுத்தேன். நன்றாக இறங்கியது.

பயிற்சிப் பெண்ணிடம் ரொம்ப இருமுகிறாள், இப்போதைக்கு வர வேண்டாம் என்றேன். வைஷு அஸ்ஸாமிலிருந்து போன் செய்தபோது, ஆயுள் முழுக்கக் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். நீங்களே யோசித்துப் பாருங்கள். வாயால் கொடுத்தால் என்ன சாப்பிடுவாள்? இரண்டு வாய் ரசம் சாதம், ஊறுகாய், காபி. அளவு தெரியாது, சத்து கிடையாது. அவள் நாக்கைக் கேட்டால் அவள் உடம்பு என்னாவது?

குழாயை இடது கையால் இழுக்கப் பார்த்தாள். அந்தக் கையில் சாக்ஸை மாட்டிக் கட்டில் கம்பியில் கட்டினேன், ரத்த ஓட்டம் தடைபடாத மாதிரி லூஸாகத்தான். பக்கத்து ஃப்ளாட் பார்வதி ஒருநாள் நான் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் வந்திருக்கிறாள். "மாமா, மாமி ரெண்டு ஸ்பூன் பாயசம் சாப்ட்டா. இருமக்கூட இல்லை. இன்னும் கேட்டா மாமா, கண்ணாலயே கேட்டா" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அதிலிருந்து வெளியே போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போனேன். பார்வதி வீட்டில் தாளிக்கும் வாசனை வந்தால் தர்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவாள். எச்சில் ஊறி வழியும். துடைத்துத் துடைத்து உதட்டோரம் புண்ணாகிவிட்டது. அதனால் அந்த ஜன்னலை ஆணி அடித்து மூடினேன். புண் ஆறிவிட்டது.

பிறகு அவள் பேசப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. நாலு வருஷம் ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை.

இந்த வருஷம் மாப்பிள்ளைக்கு இங்கே புனேயிலேயே, லோஹேகாவ் விமானப்படைத் தளத்துக்கு மாற்றலானது. அதுவரை போனில் மட்டும் விசாரித்துக்கொண்டிருந்த வைஷு நேரில் வந்தாள். படியேறும்போதே பார்வதி அவளைப் பிடித்துக்கொண்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். உள்ளே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, அம்மாக்கு முழுங்க வந்துதா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"உடம்பப் பாரு, எப்படி வச்சிருக்கேன்" என்றேன்.

அவள் மேடைமேல் இருந்த கஞ்சிப் பாத்திரத்தைப் பார்த்தாள். "இத நீ ஒரு நாளாவது வாயில விட்டுப் பாத்திருக்கியா?"

"எனக்கெதுக்கு? நான் நன்னாத்தானே இருக்கேன்."

அவள் அழுதுகொண்டே காபி போட்டாள். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. கட்டை அவிழ்த்து, தர்மாவை உட்காரவைத்து ஒரு ஸ்பூன் கொடுத்தாள். தர்மா கண்ணை மூடிக்கொண்டு அதை வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை. புரையேறி முகம் நீலம் பாரித்து, ஆம்புலன்ஸ் வரவேண்டியதாயிற்று. அதை நான் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வைத்துப் பார்த்தார்கள். நாலு வருஷம் வேலை கொடுக்காததால் தொண்டைத் தசை பழக்கம் விட்டுப்போய்விட்டது, இனி திரும்பாது என்றார்கள். அன்றைக்கே தொடர்ந்திருந்தால் இந்நேரம் எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்றும் சொன்னார்களாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். ஆமாம், அவளுக்கு விழுங்க வந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மறைத்தேன், கையைக் கட்டினேன், கதவைப் பூட்டினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை.

இப்போது தர்மா லோஹேகாவில் வைஷு வீட்டில் இருக்கிறாள். டின் பவுடர் அவளுக்கு வயிற்றுப்போக்கு கொடுக்கிறதாம். வீட்டில் செய்தால் குழாய் அடைத்துக்கொள்கிறதாம், வைஷுவுக்குப் பதம் தெரியாது. இளைத்துவிட்டாள் என்று கேள்வி. என்னைக் காலையில் மட்டும் அங்கே போய்ச் செய்து கொடுத்துவிட்டு வர அனுமதித்தால் போதும், கூடவே ஒரு போலீஸ்காரரை அனுப்புங்கள். வைஷு என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஆயுள் முழுக்கக் குழாய்தான் என்று டாக்டர்களே இப்போது சொல்கிறார்கள். நான் அவளிடம் அப்போதே அதைத்தான் சொன்னேன்.