சுஹறாட வீடு

— பாத்திரம் எல்லாம் கட்டிட்டியா புள்ள?

— எதக் கட்டுற? நீங்க செல்லுற நேரமெல்லாம் கட்டவும், மறுகா அவிழ்க்கவும் என்னால ஏலா. விடியக்காலையில இருந்து இடுப்பு விட்டு உழையுது.

— இப்பதான் வாளி போட்டுப் பார்த்தன். சேறுதான் வந்த. இந்தக் கிணறு முடிஞ்சி சுஹறா. மிளகாக் கண்டுக்கு ஊத்தவும் இல்ல, நாம குடிக்கவும் இல்ல. இனி இஞ்ச இருந்து என்ன செய்யிற?

— குணபால முதலாளி பவுசர் லொறியில தண்ணி அனுப்புறன் எண்டு செல்லித்தானே போனவரு.

— அவரு அவர்ட வாழைக்கு அனுப்புவாரு. பங்குக்குத் தோட்டம் செய்ய வந்த நமக்கு ஆரு அனுப்புற?

— கொஞ்சம் பொறுங்களன். றப்பு மழையத் தருவான்.

— நிந்தவூரில வயல் காயக்குள்ளயும் நீ இதத்தான் சென்ன. உரம் இல்லாம ஒரு வெள்ளாம போச்சி. மறுகா தண்ணி இல்லாமப் போச்சி. வாய்க்கால்ட கடைசியில வயல் வெச்சிருக்கிறவனுக்கு எப்ப தண்ணி வந்திரிக்கி? பிழைக்கலாம் எண்டு இந்த சியம்பலாண்டுவக் காட்டுக்கு வந்தம். இதுவும் காய்ஞ்சி கிடக்கு. போதும் புள்ள. ஊருக்குப் போவம்.

— ஊருக்குப் போய் என்ன செய்யப் போறீங்க?

— மீன் ஏத்திற இடத்தில கூலிக்கு நிப்பன். தோணி தள்ளுவன். எதயாவது செய்வன்.

— நீங்களா? ஆள் கூப்பிட்டு வயல் வெட்டினவரு, மீன் பெட்டி தூக்கப் போறீங்களா? சனம் சிரிக்கும்.

— சிரிக்கட்டும். இஞ்ச சிரிக்கவும் ஆள் இல்லையே. எனக்கு ஆரோடயாவது நம்மட பாஷையில நல்லாச் சண்ட பிடிக்கோணும் போல இரிக்கி.

— என்னோட பிடிக்கிறீங்கதானே. அது காணாதா?

— உன்னோட பிடிச்சிப் பிடிச்சி எனக்கும் அலுத்துப் போச்சி, உனக்கும் அலுத்துப் போச்சி.

— அது உண்ம.

— பார், சிரிக்கிறாய்! கன நாளைக்குப் பொறகு சிரிக்கிறாய். ஊர்ப் பேரச் செல்லக்குள்ளயே உனக்கு முகம் மாறுது. உனக்கு மட்டும் இஞ்ச நல்லாவா இரிக்கி?

— நல்லாவா? நீங்க தோட்டத்துக்குள்ள போனா நான் கோழியோடதான் கதைக்கிற. அங்கால வீட்டு மெனிக்கா நல்ல பொம்புள. வேலியடிக்கு வருவாள், சிரிப்பாள். அதுக்கு மேல அவக்கும் என்ட பாஷ தெரியா, எனக்கும் அவட சிங்களம் தெரியா. சும்மா ரெண்டு பேரும் நிண்டுட்டுப் போவம். பாங்கு கேக்காமத் தொழுதா தொழுத மாதிரியே இல்ல. நோன்புப் பெருநாளைக்குச் சுட்ட பலகாரத்த ஒரு வீட்டுக்குக் குடுத்து அனுப்ப ஏலாம, நானே திண்டு நானே அழுதன். உங்களுக்குத் தெரியாது.

— தெரியும். படுத்துக் கிடந்து கேட்டன்.

— கேட்டுட்டும் எழும்பி வரல்ல?

— வந்து என்ன செல்லுற? கூட்டி வந்தவன் நான்.

— அப்பிடி ஒண்டும் இல்ல. நானும் ஓமெண்டுதானே வந்த.

— அப்ப இப்பவும் ஓமெண்டு செல்லன். விடிய பஸ் எடுத்தா பகல் சோத்துக்கு ஊரில நிக்கலாம்.

— போகேலா.

— என்னத்துக்குப் போகேலா? காரணத்தச் செல்லு.

— சனத்திட வாய் பொல்லாத. என்னக் கண்டா தெருவால போறவள் எல்லாம் "வெள்ளாம எப்பிடி ராத்தா?" எண்டு கேப்பாளுகள்.

— கேட்டா உள்ள போய்க் கதவச் சாத்து. உன்ட வாசல், உன்ட கதவு. ஆரு கேக்கிற?

— நீங்க மட்டும் போங்க. நான் இஞ்ச நிக்கிறன்.

— விசரா உனக்கு? நான் மட்டும் போய் எங்க நிக்கிற? நம்மட ஊர் ஆம்பிளைக்கு ஏது புள்ள வீடு? நிக்காஹ் முடிஞ்சா பொண்டாட்டிட வீட்டில போய்க் குந்துறவன். உன்ட வாப்பா உனக்குக் கட்டித் தந்த வீடு அது. உன்ன விட்டுட்டு நான் தனியப் போய் நிண்டா, எங்க டா அவள் எண்டு ஊரே கேக்கும்.

— எல்லாத்துக்கும் அந்த வீட்டக் கதைக்காதீங்க.

— கதைக்காம? வயல் போச்சி, மாடு போச்சி. அந்த வீடு ஒண்டு இரிக்கி எண்டுதான் எனக்கு மூச்சு வருது. ஆரும் எழும்பிப் போ எண்டு செல்ல ஏலாத இடம் துனியாவில அது ஒண்டுதான் நமக்கு. உன்ட முகத்துக்கு நேர நான் இத ஒருநாளும் சென்னதில்ல, பொண்டாட்டி வீட்டில இரிக்கிறவன் எண்டு ஒரு வெக்கம். இப்ப வெக்கமும் இல்ல ஒண்டும் இல்ல. அந்த மண்டபத்துச் சீமெந்துத் தரையில மல்லாந்து கிடந்தாக் காணும் எனக்கு.

— இஞ்சாருங்க. உங்களுக்கு ஒண்டு செல்லோணும்.

— பஸ்ஸில செல்லு. போன் எங்க வெச்ச? நிப்லாக்கு எடுக்கிறன். வீட்டத் திறந்து கூட்டி வைக்கச் செல்லோணும்.

— நிப்லாக்கு வேணாம். அவள் புதுப் பொண்ணு, மாப்பிள்ளையோட இரிப்பாள்.

— ஹஜ்ஜுப் பெருநாளையோட நிக்காஹ் முடிஞ்சி. இன்னும் புதுப் பொண்ணா? உன்ட தங்கச்சிதானே, உன்ட வீட்ட ஒருக்காக் கூட்டினாக் குறைஞ்சி போவாளா? உங்கட வாப்பாட தம்பி, அச்சிமுகம்மது சாச்சா, தன்ட பின் வளவு வீட்டத்தானே அவளுக்குக் குடுத்த? கூப்பிட்டாக் கேக்கிற தூரம். சாவியும் அவளிட்டத்தான் இரிக்கி.

— நான் எடுத்துச் செல்லுறன். போனத் தாங்க. தாங்க எண்டு செல்லுறன்!

— கைய விடு புள்ள. அடிக்குது. நீயும் கேளு, சத்தமாப் போடுறன். ஹலோ, நிப்லா! மச்சான் கதைக்கிறன்.

— அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்! யா அல்லாஹ், உங்கட குரல் கேட்டு எவ்வளவு நாள்! ராத்தா எப்பிடி? நான் நெடுக எடுக்கிறன், எடுக்கிறன், அவ கட் பண்ணிப் போடுறா.

— வஅலைக்கும் ஸலாம். இஞ்ச சிக்னல் இல்ல, அதுதான். நிப்லா, ஒரு சின்ன உதவி...

— இருங்க மச்சான், இருங்க. முதல் நான் செல்லிடுறன். நிக்காஹ்வுக்கும் ராத்தாவ மட்டும்தான் அனுப்பின, நீங்க வரல்ல. உங்களோட ஒரு வார்த்த கதைக்காம என்ட மனசு ஆறவே இல்ல. கதைக்கப் போறன் எண்டா ராத்தா விடுறால்ல. அவருக்கு வெக்கம், நன்றி கின்றி எண்டு அவரக் கஷ்டப்படுத்தாத எண்டு ஏசுறா.

— என்னத்துக்கு நன்றி?

— பாருங்களன், ராத்தா சென்ன மாதிரியே கேக்கிறீங்க! வீட்டுக்குத்தான் மச்சான். சாச்சா கடைசி நேரம் கைய விரிச்சிட்டாரு. வீடு இல்லாத பொண்ண எடுக்க மாட்டம் எண்டு மாப்பிள வீட்டார் எழும்பிட்டாங்க. முப்பது தாண்டின குமரு நான். அண்டைக்கு அவங்க போயிருந்தா மறுகா என்ட வாசலுக்கு ஆரும் வந்திருக்க மாட்டாங்க. அந்த இடத்திலதான் ராத்தா தன்ட வீட்ட எனக்கு எழுதித் தாறன் எண்டு எழும்பி நிண்டா. "என்ட மனிசன்தான் செல்லி அனுப்பின. எங்களுக்குப் புள்ள குட்டியும் இல்ல, நிப்லா வாழட்டும்" எண்டு அவ செல்லக்குள்ள அங்க இருந்த ஆம்பிளையளுக்கே கண் கலங்கிப் போச்சி.

— நிப்லா, போன வெய். மறுகா கதைப்பம்.

— ராத்தாவா அது? வைக்காதீங்க ராத்தா! மச்சான், இஞ்ச மாமி வந்து நிக்கிறா. அவக்கு இன்னும் ஐமிச்சம் தீரல்ல. புருஷனுக்குத் தெரியாம அவள் குடுத்திருப்பாள், நாளைக்கு அவன் வந்து வாசல்ல நிண்டா என்ட மகன் எங்க போற எண்டு ஒரே குத்தல். இப்ப இவரும் அதையே கேக்கத் தொடங்கிட்டாரு. நான் என்ன செய்வன்? சோறும் இறங்குதில்ல. மச்சான்? லைன்ல இரிக்கீங்களா?

— இரிக்கன்.

— இஞ்சாருங்க, என்னை ஏசுங்க. அடிக்கிறெண்டாலும் அடிங்க. அவள ஒண்டும் செல்லிடாதீங்க.

— ராத்தா என்ன செல்லுறா? எனக்குக் கேக்கல்ல.

— ஒண்டுமில்ல நிப்லா. நீ செல்லு.

— நீங்க ஒரு வார்த்த மாமியோட கதைச்சாக் காணும் மச்சான், அவ நம்பிடுவா. இந்தா, அவட கையில குடுக்கிறன். மாமி, மச்சான் கதைக்கிறாரு, பிடிங்க.

— அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. முனாப்தான். ஓம், ஓம், நல்லா இரிக்கம். வீட்டையா? நான்தான் குடுக்கச் சென்ன. எங்களுக்கு இஞ்ச இடம் இரிக்கி.