வானத்தில் ஓரங்கட்ட இடமில்லை

நேரம் தவறாமல் வந்து, நிறுத்தம் தவறாமல் நின்று, நெரிசலிலும் நெஞ்சு பதறாமல் பேருந்து ஓட்டும் பெருமக்களே! அவர்கள் வீடு திரும்பும்வரை ஜன்னலை விட்டு நகராத தாய்மார்களே! முன்வரிசையை முந்திக்கொண்டு பிடித்துவிட்ட பெரியவர்களே! பின்வரிசையில் நின்றபடி, இந்த அம்மா எப்போது முடிப்பார் என்று காத்திருக்கும் தம்பிமார்களே! மேடையின் நடுவே மிடுக்காக வீற்றிருக்கும் நம் ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே! தலைவர் என் கணவரும்கூட என்பதால் தனியாக ஒருமுறை: என்னங்க, வணக்கம்.

தலைவர் இப்போதே தொண்டையைச் செருமுகிறார். வீட்டில் அதற்கு 'போதும், நிறுத்து' என்று பொருள். மேடையில் என்ன பொருள் என்று சங்க விதிகளில் இல்லை. ஆகவே தொடர்கிறேன்.

எங்கள் மகள் விமானம் ஓட்டப் பழகுகிறாள் என்றதும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். முதல் பாடத்தில் அங்கே என்னதான் நடக்கும் என்று சொல்லச் சொன்னார் செயலாளர். சொல்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் முதல் பாடம் படித்தது மகள் அல்ல. மகளைப் பெற்றவர்.

சிரிக்காதீர்கள். தலைவர் முகம் ஏற்கெனவே சிவந்திருக்கிறது.

பயிற்சிப் பள்ளியில் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. சேர்கிறாளா இல்லையா என்று மறுநாளே சொல்லியாக வேண்டும். சாப்பாட்டு மேசையில் இவர் தீர்ப்புக் கூறினார்: "நான் ஏறி ஓட்டிப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்வேன்." நியாயமான அப்பா என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். படுக்கப் போகும்போதல்லவா சொன்னார்: "ஏதாவது ஒரு கோளாறு கண்ணுல படாமலா போகும்? அதைச் சொல்லியே வேண்டாம்னுடலாம்." பணம் கட்டினால் யாரும் ஒரு பாடம் ஏறிப் பார்க்கலாமாம். காலையில், கோளாறுக்குச் சாட்சியாக என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

சரி, போனால் என்ன நடக்கும்? முதலில் எடை பார்ப்பார்கள். ஆமாம் தாய்மார்களே, அரிசி மூட்டையை நிறுப்பதுபோல் ஆளை நிறுத்துப் பார்க்கிறார்கள். சின்ன விமானம், எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். என் எடையா? அது எனக்கும் அந்த எந்திரத்துக்கும் இடையே உள்ள விஷயம்.

அடுத்து, விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பார்கள். பயிற்சி ஆசிரியை எங்கள் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். இறக்கையைத் தடவிப் பார்த்தார். எரிபொருளைச் சிறு குழாயில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். நம் தலைவர் என்ன செய்தார்? டயரை ஓர் உதை உதைத்தார். இத்தனை ஆண்டுப் பழக்கம் காலை விட்டுப் போகுமா? உள்ளே ஏறி உட்கார்ந்ததும், பின்னால் பார்க்கக் கண்ணாடி எங்கே என்று கேட்டார். பின்னால் யாரும் வர மாட்டார்கள் என்றார் ஆசிரியை. இவருக்கு அதில் திருப்தி இல்லை.

முன்னிருக்கையில் இருவர், பின்னிருக்கையில் நான், காதில் ஆளுக்கொரு ஒலிக்கருவி. தரையில் உருளும்போது திருப்பச் சொன்னார்கள். கையிலிருந்த சக்கரத்தை நம் நாற்சந்தியில் வளைப்பதுபோல் மொத்தமாக வளைத்தார் தலைவர். விமானம் நேராகப் போனது. இன்னும் வளைத்தார். இன்னும் நேராகப் போனது. தரையில் அதைக் காலால்தான் திருப்ப வேண்டுமாம். "கோளாறு நம்பர் ஒண்ணு," என்று திரும்பி என்னிடம் சொன்னார். காதில் ஒலிக்கருவி இருக்கிறது, ஆசிரியைக்கும் கேட்கும் என்பதை மறந்துவிட்டார்.

பிறகு ஓடினோம், உயர்ந்தோம். சாலைகள் சரடுகளாயின, சந்தடி அடங்கியது, நம் பணிமனை ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. பயம் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. முன்னிருக்கையின் முதுகைப் பிடித்த பிடியை நான் விடவே இல்லை.

இப்போதுதான் கவனமாகக் கேட்க வேண்டும். விமானத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்ற ஒரு வழக்கம் இருக்கிறது. கொடுப்பவர் "உங்க கையில" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்குபவர் "என் கையில" என்று பதில் சொல்ல வேண்டும். திருப்பி வாங்கும்போதும் அப்படியே. யார் ஓட்டுகிறார் என்பதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரக் கூடாது.

ஆசிரியை "உங்க கையில" என்றார். "என் கையில" என்று இவர் சொன்ன சத்தம் எஞ்சினை அடக்கிவிட்டது. வாங்கியவர் நன்றாகத்தான் ஓட்டினார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆசிரியை திரும்பக் கேட்டு "என் கையில" என்றாரே, பதில் வந்ததா? வரவில்லை. மறுபடியும் கேட்டார். பிடி மட்டும் இறுகியது.

ஓட்டுநர் குடும்பங்களே, உங்களுக்குப் புரிகிறதல்லவா? வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இறங்கிய பிறகுதான் நம் ஆட்கள் அடுத்தவரிடம் கொடுப்பார்கள். ஓடும் வண்டியில் ஸ்டியரிங்கை மாற்றுவது நம்மவர்களுக்குப் பெரும் பாவம். இவர் அதைத்தான் சொன்னார்.

"ஓடுற வண்டியில கை மாத்தக் கூடாதும்மா. எங்கயாவது ஓரங்கட்டு, குடுத்துடறேன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "வானத்துல ஓரங்கட்ட இடம் இல்ல சார். ஓடும்போதுதான் மாத்தியாகணும். கையை லேசா எடுத்துப் பாருங்க, அது விழாது."

எடுத்தார். ஒரு விரல், இன்னொரு விரல், பிறகு முழுக்கை. விழுந்ததா? சாய்ந்ததா? சற்றேனும் சலித்ததா? தன் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. தன் வெறுங்கையை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், கடைசி நிறுத்தத்தில் களைத்து இறங்கும் குரலில் சொன்னார்: "உங்க கையில."

பெற்றவர்களே, என்னைப் பெற்றவர்கள் போன்ற பெரியவர்களே, உங்களைக் கேட்கிறேன். பள்ளி முடியட்டும், அப்புறம் பிள்ளை இஷ்டத்துக்கு விடலாம் என்றோம். கல்லூரி முடியட்டும் என்றோம். கல்யாணம் முடியட்டும் என்றோம். எந்த நிறுத்தத்திலாவது வண்டி நின்றதா? நின்ற பிறகு கொடுக்கலாம் என்று நாம் காத்திருக்கக் காத்திருக்க, ஓடிக்கொண்டே அல்லவா இருக்கிறது பிள்ளையின் வாழ்க்கை! ஓடும்போது கொடுங்கள். உரக்கச் சொல்லிக் கொடுங்கள். கொடுத்த பிறகு கையை எடுங்கள்!

கைதட்டலுக்கு நன்றி. தலைவர் தட்டவில்லை, கவனித்தேன்.

இறங்கியதும் இவர் மறுபடியும் டயரை உதைத்தார். கம்பி வேலிக்கு அப்பால் மகள் நின்றிருந்தாள். முடிவு என்ன என்று கேட்க அவளுக்குப் பயம். இவர் வெளியே வந்து, கண்டுபிடித்த கோளாறுகளையெல்லாம் அவளிடம் ஒப்பித்தார். கண்ணாடி இல்லை, காலால் திருப்ப வேண்டியிருக்கிறது, ஹாரன் கூட இல்லை. அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. எல்லாம் முடிந்த பிறகு அவள் கையைப் பிடித்துச் சொன்னார்:

"உன் கையில."

அந்தப் பள்ளி வேலியோரமே பழியாய்க் கிடந்தவளுக்கு அந்த வழக்கம் தெரியாதா? "என் கையில, அப்பா," என்றாள். சொன்னாரே தவிர, அவள் கையை, எங்கள் வீட்டு நிறுத்தத்தில் இறங்கும்வரை இவர் விடவில்லை.

இன்று அவள் ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று பலர் விசாரித்தீர்கள். இந்நேரம் மேலே இருக்கிறாள். முதல்முறையாக, பக்கத்தில் ஆசிரியை இல்லாமல், தனியாக. நம் தலைவர் நொடிக்கொருமுறை கூரையை அண்ணாந்து பார்க்கிறாரே, அது மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பதற்கல்ல.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், பொறுக்க முடியாவிட்டாலும் நின்ற தம்பிகளுக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இதோ, மைக்கைத் தலைவரிடம் நீட்டுகிறேன். என்னங்க, உங்க கையில. பதில் சொல்லுங்கள், சொல்லாமல் விட மாட்டேன்.

சபையோரே, தலைவரால் பேச முடியவில்லை. தலையை மட்டும் அசைக்கிறார். வழக்கப்படி இது செல்லாது. ஆனாலும் இன்றைக்கு ஏற்றுக்கொள்கிறேன். வணக்கம்.