காரணம் கேட்காத ஒரு கட்டம்

தலைமையேற்க வந்திருக்கும் தொழிலாளர் நல அதிகாரி ஐயா அவர்களே! முழங்கால் வலியோடும் முன்வரிசைக்கு வந்துவிட்ட மூத்தோரே! காலை ஷிப்ட் முடித்து, கை ஈரம் காயாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சலவைக்கூடச் சங்கச் செயலாளனின் களைத்த வணக்கம்.

களைத்துத்தான் போனேன் ஐயா. இதே கோரிக்கைக்கு இது எனக்குப் பதினோராவது மேடை. என்னம்மா, சுருக்கமாகப் பேசவா? கவலைப்படாதீர்கள், நீட்டிப் பேச மூச்சில்லை.

ஊரார் உல்லாசமாய் உறங்கி எழுந்த விடுதி விரிப்புகளை வெளுப்பது யார்? நாம்! அதில் ஒருநாள், ஒரே ஒருநாள், நாம் படுத்ததுண்டா? நம் விடுப்புப் படிவத்தில் மூன்றே கட்டங்கள்: நோய், திருமணம், மரணம். ஓய்வுக்கு ஒரு கட்டம் உண்டா?

இஸ்திரிப் பிரிவில் ஒரு தங்கை. அவள் மாமியாருக்குக் கடலைப் பார்க்க ஆசை. என்ன காரணம் எழுதுவது என்று இருவரும் என்னிடம் வந்தார்கள். மாமியார்தான் சிரித்துக்கொண்டே வழி சொன்னார்: "என் சாவுக்குத் தர்ற மூணு நாளை இப்பவே வாங்கிக் குடுங்க தம்பி. உசுரோட இருக்கும்போதே அனுபவிச்சுட்டுப் போறேன்."

'மாமியார் மரணம்' என்று முத்து முத்தாய் எழுதிய கை இந்தக் கைதான். போனார்கள். விடுதி வாடகை கட்டுப்படியாகாமல் அன்றே திரும்பினார்கள். ஆனாலும் அந்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

போன மாதம் அவர் நிஜமாகவே இறந்துபோனார். தங்கை படிவத்தோடு ஓடினாள். மேலாளர் பழைய தாளைப் புரட்டினார். "இவங்கதான் ஏற்கெனவே செத்துட்டாங்களேம்மா!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பொய் எழுதியவன் நான் என்று மேலாளர் முன் போய் நின்றேன். "ரெண்டு பேருக்கும் வேலை வேண்டாமா?" என்றார். வந்த வழியே திரும்பிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது ஐயா. அங்கே அடக்கம் நடந்தது. இங்கே மருமகள் யாருக்கோ தலையணை உறை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டுக்குப் பத்து நாள் ஊதியத்தோடு விடுப்பு! உழைப்பவர் தங்க அரசே நடத்தும் எளிய விடுதி! படிவத்தில் காரணம் கேட்காத ஒரு கட்டம்! சட்டமாக்குங்கள் ஐயா! சொந்தங்களை உயிரோடு சாகடித்து நாங்கள் ஓய்வு வாங்க வேண்டாம்!

அந்தத் தங்கையையும் இங்கே அழைத்தேன். "எதுக்கும் இனிமே லீவு கேக்க மாட்டேண்ணே" என்றாள். அவளை மறுபடி கேட்க வையுங்கள், அது போதும்.

பொறுத்திருந்து கேட்டீர்கள், நன்றி. வீட்டுக்குப் போய்ச் சற்றே படுங்கள். காலையில் ஷிப்ட் இருக்கிறது. வணக்கம்.